உங்கள் ஒளிப்படங்களுக்குச் சொந்தமாக ஓர் இணையதளம்: படத் தேர்விலிருந்து பராமரிப்பு வரை

2004-இல் தொடங்கிய ஃப்ளிக்கர் தளத்தில் உலகெங்கும் எத்தனையோ பேர் தங்கள் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2018 நவம்பரில் அந்த நிறுவனம், இலவசக் கணக்கில் இனி 1,000 படங்களுக்கு மட்டுமே இடம், மிஞ்சியவை நீக்கப்படும் என்று அறிவித்தது. அதற்கு முன்பே, 2009-இல் ஜியோசிட்டீஸும் 2016-இல் பிகாசா இணைய ஆல்பங்களும் மூடப்பட்டிருந்தன. நிறுவனங்கள் தங்கள் கணக்குப்படி முடிவெடுக்கின்றன. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பல ஆண்டு உழைப்பை அந்தக் கணக்கை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

சமூக ஊடகத்தில் படம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே ஆள் கிடைப்பார்கள். ஆனால் அங்கே படத்தின் வரிசை உங்கள் கையில் இல்லை, அளவு உங்கள் கையில் இல்லை, இரண்டு நாள் கழித்துத் தேடினால் கிடைப்பதும் இல்லை. சொந்தத் தளத்தில் இவை மூன்றும் உங்களுடையவை. செலவு என்று பார்த்தால், நான் சொல்லப்போகும் முறையில் டொமைன் பெயருக்கான, அதாவது தளத்தின் இணைய முகவரிக்கான, ஆண்டுக் கட்டணம் மட்டும்தான். ஹூகோ என்ற இலவச மென்பொருளால் தளத்தை உருவாக்கி, கிட்ஹப் என்ற கோப்புச் சேமிப்புத் தளம் வழியாக இலவச ஹோஸ்டிங்கில் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவையில்) ஏற்றும் முறை இது.

பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது என்பதால், திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் எடுத்த பறவைப் படங்களுக்குத் தளம் அமைப்பதாக வைத்துக்கொண்டு போகலாம். திருமணப் படமோ, தெருக்கூத்தோ, மலைத்தொடரோ எதுவானாலும் வேலை இதேதான்.

முதலில் கணினியை மூடிவையுங்கள்

பலரும் தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருவைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். எந்த வண்ணம், எந்த எழுத்து, படங்கள் நகர வேண்டுமா நிற்க வேண்டுமா என்பதிலேயே ஒரு மாதம் போய்விடுகிறது. தளம் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த படங்களும் அவற்றுக்கு எழுதிய குறிப்புகளும்தான். மற்றதெல்லாம் அவற்றைத் தாங்கும் சட்டம். சட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு தொடருக்கு 20 முதல் 30 படங்கள் போதும். ஆயிரம் படங்களிலிருந்து முப்பதுக்கு வருவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, நூறு படங்களை முதலில் பிரித்து, அவற்றை ஸ்டுடியோவில் கொடுத்துச் சிறிய அளவில் அச்சிட்டு, தரையில் பரப்புவது. திரையில் ஒவ்வொரு படமாகப் பார்க்கும்போது எல்லாமே நன்றாகத் தெரியும். தரையில் அருகருகே கிடக்கும்போது, ஒரே நாரையின் ஒரே பறத்தல் ஏழு முறை வந்திருப்பது உடனே கண்ணில் படும். அந்த ஏழில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்குப் பட்ட சிரமம் படத்தில் தெரியாது. பார்ப்பவருக்கு அது தேவையும் இல்லை. மூன்று மணி நேரம் சேற்றில் நின்று எடுத்த படம் என்பதற்காக ஒன்றை உள்ளே விட்டால், அதுவே தொடரின் பலவீனமான இடமாகிவிடும்.

அடுத்து வரிசை. கூந்தன்குளத்தின் சிறப்பு, பறவைகள் ஏரியோடு நிற்காமல் ஊருக்குள் வந்து வீட்டு மரங்களில் கூடு கட்டுவது. ஆகவே நெருக்கமாக எடுத்த பறவை முகங்களை மட்டும் அடுக்கினால் அது எந்த ஊராகவும் இருக்கலாம். ஏரியின் விரிவு, ஓட்டு வீட்டுக்கு மேலே கிளை நிறையக் கூடுகள், திண்ணையில் எச்சம், குஞ்சுக்கு இரை ஊட்டும் கூழைக்கடா, மரத்தடியில் கோலம் போடும் கை என்று தூரமும் அண்மையும் மாறி மாறி வரட்டும். வலுவான படத்தை முதலில் வையுங்கள். அதற்கடுத்த வலுவானதைக் கடைசியில் வையுங்கள். நடுவே இரண்டு உரத்த படங்கள் அடுத்தடுத்து வந்தால் இடையில் அமைதியான ஒன்றைச் செருகுங்கள். இந்த வேலைக்கு ஒரு வாரம் ஆனாலும் அது வீண் இல்லை.

படக்குறிப்பு: தளத்தின் பாதி உயிர்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நீங்கள் பின்பற்றுவீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். தமிழில் முறையான குறிப்போடு இணையத்தில் கிடைக்கும் ஒளிப்படங்கள் மிகக் குறைவு. ‘அழகிய காலைப் பொழுது’ என்று எழுதிய படத்தை யாரும் தேடி அடைய முடியாது. பத்தாண்டு கழித்து உங்களுக்கே அது எந்தக் காலை என்று நினைவிருக்காது.

நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: ‘மஞ்சள்மூக்கு நாரை உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. கூந்தன்குளம், நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம். மார்ச் 2023.’ என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. பறவைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால், அறிவியல் பெயரான மிக்டீரியா லூக்கோசெபாலாவையும் ஓர் ஓரத்தில் சேர்த்துவிடுங்கள். படத்திலேயே தெரிவதைத் திரும்பச் சொல்வதைவிட, தெரியாததைச் சொல்வதில்தான் குறிப்பின் பயன் இருக்கிறது. நாரை நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்; அது நிழலுக்காகச் சிறகை விரித்திருக்கிறது என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். ஷட்டர் வேகம், லென்ஸ் விவரம் ஆகியவை வேண்டுமானால் கடைசியில் சிறிய எழுத்தில் வரலாம்.

குறிப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று, தொடருக்கான சாதாரண உரைக் கோப்பில். மற்றொன்று, படக் கோப்புக்குள்ளேயே. டிஜிகேம், டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்களில் தலைப்பு, விளக்கம், எடுத்தவர், பதிப்புரிமை என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஐபிடிசி என்ற பொதுத் தரப்படி அவை படத்தோடு சேர்ந்தே பயணம் செய்யும். தளம் போனாலும் படமும் அதன் கதையும் பிரியாது.

இருப்பிடத்தை நீக்குங்கள், பெயரை விட்டுவையுங்கள்

கைப்பேசியும் சில கேமராக்களும் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கோப்புக்குள் எழுதிவிடுகின்றன. சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டக்கூடிய தகவல் அது. உங்கள் வீட்டு மாடியில் எடுத்த படம் என்றால் வீட்டு முகவரியையே வெளியிட்டதற்குச் சமம். ஆந்தைக் கூட்டின் படம் என்றால் இன்னும் மோசம்: இருப்பிடம் வெளியானதும் கூட்டம் கூடும், கூடு கைவிடப்படும், வேட்டைக்காரர்களுக்கும் வழி தெரிந்துவிடும். இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பதிவுத் தளங்களே ஆபத்தில் உள்ள இனங்களின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகின்றன. நாமும் அதையே செய்ய வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த கூந்தன்குளத்தின் பெயரைச் சொல்லலாம். அரிய பறவையின் தனிக் கூட்டுக்கு மாவட்டப் பெயர் போதும்.

எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி ஒரே கட்டளையில் ஒரு கோப்புறை முழுவதிலுமுள்ள ஜிபிஎஸ் விவரங்களை நீக்கித் தரும். ‘எல்லா மெட்டாடேட்டாவையும் அழி’ என்ற வசதியைப் பயன்படுத்தாதீர்கள். அது உங்கள் பெயரையும் பதிப்புரிமை வரியையும் நீங்கள் உழைத்து எழுதிய குறிப்பையும் சேர்த்தே துடைத்துவிடும். வெளியிடும் பிரதியில் ஜிபிஎஸ் மட்டும் போகட்டும். மூலக் கோப்பில் எல்லாம் இருக்கட்டும்.

முகம் தெரியும்படி மனிதர்கள் இருக்கும் படங்களுக்கு அவர்களிடம் கேளுங்கள், தளத்தில் வரும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். பெயரைக் குறிப்பில் போடலாமா என்பது தனிக் கேள்வி. அதையும் தனியாகவே கேட்க வேண்டும்.

இணையத்துக்கான பிரதி

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6,000 பிக்சல் அகலமும் 4,000 பிக்சல் உயரமும் கொண்டது. ஜேபெக் கோப்பாக அது 8 எம்பி ஆகலாம். அப்படியே 25 படங்களை ஒரு பக்கத்தில் வைத்தால் 200 எம்பி. உங்கள் தளத்தைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில், நாளுக்கு இத்தனை ஜிபி என்ற கணக்கில் டேட்டா வாங்கியவர்கள். அவர்களுடைய டேட்டாவை மதிப்பது ஒளிப்படக்காரரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

நீளமான பக்கம் 2,400 பிக்சல் வரும்படி சுருக்கி, ஜேபெக் தரம் 90 அளவில் ஒரு முதன்மைப் பிரதி எடுங்கள். இதிலிருந்து 1,600, 800 பிக்சல் பிரதிகளை ஹூகோவே பின்னால் உருவாக்கிக்கொள்ளும். அவற்றை வெப்பி என்ற பட வடிவத்தில், தரம் 80 அளவில் அமைத்தால், 1,600 பிக்சல் படம் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். இலை, இறகு, புல் போன்ற நுண் விவரங்கள் நிறைந்த படங்கள் கொஞ்சம் கூடுதலாகும். கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்பியை இன்று புழக்கத்தில் உள்ள எல்லா முக்கிய உலாவிகளும் காட்டுகின்றன. ஏவிஃப் என்ற இன்னொரு வடிவம் இன்னும் சிறிதாக்கும். ஆனால் தொடக்கத்தில் அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

நிறத்தில் கவனம் வேண்டும். அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் (நிறங்களை எண்களாகக் குறிக்கும் ஒரு முறையில்) திருத்திய படத்தை அப்படியே ஏற்றி, நிறவெளித் தகவலும் விட்டுப்போனால், பூநாரையின் இளஞ்சிவப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரியும். ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுத்து, நிறவெளித் தகவலைக் கோப்பில் பதிக்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். சுருக்கிய பிறகு படம் சற்று மென்மையாகிவிடும் என்பதால் திரைக்கான கூர்மையாக்கலை மிதமான அளவில் கொடுங்கள். கண்ணும் அலகும் கூர்மையாகத் தெரிந்தால் போதும்.

கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். இடைவெளிக்குப் பதில் சிறுகோடு. விண்டோஸ் கணினியில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் ஒன்றுதான். இணையச் சர்வரில் பெரும்பாலும் அவை வேறு வேறு. உங்கள் கணினியில் தெரிந்த படம் தளத்தில் காணாமல் போவதற்கு இதுவே பல நேரம் காரணம்.

பெயரும் முகவரியும்

டொமைனுக்கு உங்கள் பெயரே நல்லது. பறவை, காடு என்று பொருள் சார்ந்து வைத்தால் நாளை வேறு எதையாவது எடுக்கத் தொடங்கும்போது பெயர் பொருந்தாது. டாட் காம், டாட் இன் இரண்டில் எது கிடைக்கிறதோ அது. முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள். பதிவைத் தெரிந்தவர் பெயரிலோ தளம் அமைத்துத் தருபவர் பெயரிலோ செய்ய விடாதீர்கள். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், இரட்டைச் சரிபார்ப்போடு இருக்க வேண்டும்.

டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் உண்டு. மனம் அதை நாடும் என்றாலும், பகிரும்போது பல செயலிகள் அவற்றைக் குறியீட்டு எழுத்துகளாக மாற்றிவிடுகின்றன. பக்க முகவரிகளுக்கும் இதே சிக்கல். ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். ‘கூந்தன்குளம்’ என்ற சொல்லில் 12 குறிகள். நகலெடுத்து ஒட்டினால் 108 எழுத்து நீளமுள்ள புரியாத சரமாகிவிடும். முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, தலைப்பும் உரையும் முழுக்கத் தமிழில் இருக்கட்டும். தேடுபொறிகள் தலைப்பையும் உரையையும் நன்றாகவே படிக்கின்றன.

தளத்தைக் கட்டுதல்

தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அது நல்ல கருவிதான். ஆனால் தரவுத்தளம், செருகுநிரல், வாராவாரம் புதுப்பித்தல் என்று கவனம் கேட்கும். கவனிக்காமல் விட்டால் ஊடுருவுபவர்களுக்குக் கதவு திறந்துவிடும். படம் காட்டும் தளத்துக்கு அவ்வளவு இயந்திரம் வேண்டாம். ஹூகோ உங்கள் உரைக் கோப்புகளையும் படங்களையும் எடுத்து, நேரடியாகத் திறக்கும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை வரிசையாக: ஹூகோவின் ‘எக்ஸ்டெண்டட்’ பதிப்பை நிறுவுங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து புதிய தளம் உருவாக்கும் கட்டளையைக் கொடுங்கள். ஒரு கோப்புறை உருவாகும். ஹூகோவின் தளத்தில் உள்ள ஒளிப்பட வார்ப்புருக்களில் எளிமையான ஒன்றை எடுத்து, ‘தீம்ஸ்’ கோப்புறைக்குள் வையுங்கள். அமைப்புக் கோப்பில் தளத்தின் பெயர், முகவரி, வார்ப்புருவின் பெயர், மொழி ஆகியவற்றை எழுதுங்கள். மொழிக் குறியீடு தமிழுக்குரியதாக இருக்கட்டும்; பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கில உச்சரிப்பில் படிக்காமல் இருக்க இது தேவை.

பிறகு ‘கன்டென்ட்’ கோப்புறைக்குள் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் ‘இண்டெக்ஸ்’ என்ற உரைக் கோப்பும் அந்தத் தொடரின் படங்களும் ஒன்றாக இருக்கும். உரைக் கோப்பின் தலைப்பகுதியில் தொடரின் பெயர், நாள், ஒவ்வொரு படத்துக்குமான குறிப்பு. இந்த அமைப்பில் எனக்குப் பிடித்ததே இதுதான்: நாளை ஹூகோவே இல்லாமல் போனாலும், ஒரு கோப்புறையைத் திறந்தால் படமும் குறிப்பும் யாரும் படிக்கும்படி அங்கே கிடக்கும்.

‘சர்வர்’ கட்டளையைக் கொடுத்தால் உங்கள் கணினியிலேயே 1313 என்ற போர்ட்டில் (கணினிக்குள் உள்ள இணைப்பு எண்ணில்) தளம் ஓடும். உலாவியில் பார்த்துக்கொண்டே திருத்தலாம்.

வார்ப்புருவைத் திருத்தும்போது சிலவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நிரலில் வரட்டும். தானாக நகரும் காட்சி வேண்டாம். எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்யட்டும். செங்குத்துப் படங்களின் உயரம் திரை உயரத்தில் 90 சதவீதத்தைத் தாண்டாதபடி, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் வரம்பு வையுங்கள். இல்லையென்றால் நாரையின் தலை தெரியும்போது கால் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எண்ணாகக் குறிப்பிட்டால், படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்காது. ‘சோர்ஸ்செட்’ பண்பில் மூன்று அளவுகளையும் கொடுத்தால் கைப்பேசிக்குச் சிறியதும் பெரிய திரைக்குப் பெரியதும் உலாவியே தேர்ந்துகொள்ளும். முதல் படம் தவிர மற்றவற்றுக்கு ‘லேஸி’ ஏற்றம், அதாவது பார்வைக்கு வரும் நேரத்தில் மட்டும் ஏற்றுவது. கூகுளின் அளவுகோலில் முதன்மைப் படம் 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்ல வேகம். மேலே சொன்னவற்றைச் செய்தாலே பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல் 1.7 மடங்காவது வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த 1.4 தமிழுக்குப் பற்றாது, மேல்வரியின் உகரக் குறி கீழ்வரியின் புள்ளியை இடிக்கும். பல வார்ப்புருக்கள் தலைப்புக்கு எழுத்திடைவெளியைக் கூட்டி வைத்திருக்கும். அதைச் சுழியாக்கிவிடுங்கள்.

பார்க்க முடியாதவர்களுக்காக ‘ஆல்ட்’ உரை எழுதுங்கள். அது குறிப்பின் நகல் அல்ல. குறிப்பு கதையைச் சொல்கிறது, ஆல்ட் உரை காட்சியைச் சொல்ல வேண்டும்: ‘வேப்பமர உச்சியில் பெரிய கூடு, சிறகு விரித்து நிற்கும் நாரை, அதன் நிழலில் மூன்று குஞ்சுகள்.’

ஏற்றுதல்

கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி, தளத்தின் கோப்புறையைக் களஞ்சியமாக (ஒரு திட்டத்தின் கோப்புகள் எல்லாம் அங்கே இருக்கும் இடமாக) ஏற்றுங்கள். 2,400 பிக்சல் பிரதிகளை மட்டும். கேமரா பதிவு செய்த மூல வடிவமான ரா கோப்புகள் அங்கே போகக் கூடாது. பின்பு கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையில் அந்தக் களஞ்சியத்தை இணைத்து, ஹூகோ என்று தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு முறை நீங்கள் மாற்றம் அனுப்பும்போதும் தளம் தானாகப் புதுப்பிக்கப்படும். அதன் இலவசத் திட்டத்தில் ஒரு தளத்துக்கு 20,000 கோப்புகள் வரை இடம் உண்டு. கிட்ஹப் பேஜஸும் பயன்படும். அங்கே தளத்தின் மொத்த அளவு 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. டொமைனை இணைத்ததும் பாதுகாப்பான இணைப்புக்கான ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் இலவசமாகவே கிடைத்துவிடும். அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, படம் எடுத்த கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்ய வேண்டியதில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஆனால் இதே சட்டத்தின் 17-ஆவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். திருமணப் படங்களைத் தளத்தில் காட்ட விரும்புபவர்கள் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

பெயரைப் பதிக்கும் தண்ணீர்க்குறியைப் (வாட்டர்மார்க்) படத்தின் நடுவே போடுவது எனக்கு உடன்பாடில்லை. திருடுபவரை அது தடுப்பதில்லை. நேர்மையாகப் பார்க்க வருபவரின் பார்வையைத்தான் மறைக்கிறது. வலது கிளிக்கைத் தடுப்பதும் அப்படித்தான். 2,400 பிக்சலுக்கு மேல் வெளியிடாமல் இருப்பதும், மூல ரா கோப்பைக் கையில் வைத்திருப்பதுமே உண்மையான பாதுகாப்பு. வழக்கு வந்தால் அதுதான் சான்று. பள்ளிகளும் விக்கிப்பீடியாவும் உங்கள் படத்தைப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால், குறிப்பிட்ட படங்களுக்கு மட்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுங்கள். ஆனால் ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. தளங்களிலிருந்து உரையும் படமும் திரட்டும் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தேடிகளை ‘ரோபாட்ஸ்’ கோப்பில் வர வேண்டாம் என்று சொல்லலாம். அது வேண்டுகோள் மட்டுமே, பூட்டு அல்ல.

ஆண்டுக்கொரு முறை

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 முறையைக் கடைப்பிடியுங்கள்: மூன்று பிரதிகள், இரு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். மழைக்காலத்தில் சென்னையில் தரைத்தள வீட்டில் வன்தட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த ‘வேறு இடம்’ ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆண்டுக்கொரு நாள் ஒதுக்கி, தளத்தை ஒரு பழைய கைப்பேசியில் திறந்து முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். உடைந்த இணைப்புகளைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு தொடரிலும் இப்போது பலவீனமாகத் தோன்றும் படத்தை எடுத்துவிடுங்கள். இணையப் பக்கங்களைக் காப்பகப்படுத்தும் வேபேக் மெஷினில் முக்கியப் பக்கங்களைச் சேமிக்கச் சொல்லுங்கள். டொமைன் கணக்கில் தானியங்கிப் புதுப்பிப்பு இயங்குகிறதா, அதிலுள்ள அட்டை காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். அந்தக் கணக்கின் விவரமும் மூலப் படங்கள் இருக்கும் இடமும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.